நிரப்பப்படாத நாற்காலிகள்

நம் சங்கம் 25 ஆண்டுகளை நிறைவு செய்து வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில், மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டுமென மலர்க்குழுவினர் கேட்டுக்கொண்டனர். விழா மலர்களில் தலைவர்களின் அருமை பெருமைகளை எழுதுவது வழக்கம். அது வேண்டியதே. ஆயினும் நாம் இங்கே எழுத எடுத்துக்கொண்ட பொருள் வேறு. தலைவர்கள் போராடிப் பெற்றுத்தந்த நாற்காலிகளில் ஆள் அமராமற்போன காலங்களின் வரலாற்றையே எழுத விழைகின்றோம்.

இதற்குக் காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன், இடுகாட்டுப் பாதை ஒன்றன் பொருட்டு நம் சங்கத்தார் மனுவொன்றை எழுதி எடுத்துக்கொண்டு ஓர் அலுவலகத்திற்குச் சென்றோம். எந்த அலுவலகம் என்பது இங்கே வேண்டுவதில்லை. மனுவைப் பெற்றுக்கொண்டனர், முத்திரையிட்ட ஒப்புகைச் சீட்டும் தந்தனர். எப்போது விசாரணை என வினவியபோது, "குழுவுக்கு இன்னும் உறுப்பினர்களை நியமிக்கவில்லை. நியமனம் ஆனதும் சொல்லி அனுப்புகின்றோம்" என்றார் அங்கிருந்த எழுத்தர். அவர் சொன்னதில் பொய்யில்லை. அவர்மீது குற்றமும் இல்லை. சட்டம் இருந்தது, குழு இருந்தது, பெயர்ப்பலகையும் இருந்தது. ஆனால் தீர்ப்புச் சொல்ல ஆளில்லை. அன்று வீடு திரும்புகையில் எழுந்த வினாவே இக்கட்டுரையின் வித்து: இவ்வாறு நாற்காலி காலியாகக் கிடப்பது நம் ஊருக்கு மட்டும் நேர்ந்ததா, அன்றி நெடுங்கால வழக்கமா?

நியமனம் என்னும் வாயில்

நம் மக்கள் அரசு மன்றங்களில் அடியெடுத்து வைத்தது தேர்தல் வாயிலாக அன்று, நியமனத்தின் வாயிலாகவே. வாக்குரிமை சொத்தையும் வரியையும் ஒட்டியிருந்த நாளில், நிலமற்றவருக்கு வாக்கு ஏது? ஆகவே அரசு சிலரைப் பெயர் குறித்து அமர்த்தியது. எம். சி. ராஜா 1920இல் சென்னைச் சட்டமன்றத்தில் இடம்பெற்றார். இரட்டைமலை சீனிவாசன் 1923இல் நியமிக்கப்பட்டார். சிதம்பரத்தில் 1916இல் நந்தனார் கல்விக் கழகத்தைத் தோற்றுவித்த சுவாமி சகஜானந்தரும், அருந்ததியர் பிள்ளைகளுக்கு இரவுப் பள்ளிகள் நடத்திய எல். சி. குருசாமியும் அம்மன்றத்தில் அமர்ந்தவர்களே.

அந்த ஒரு சில நாற்காலிகள் என்ன செய்தன? 1922இல் இழிபெயர்கள் நீங்கி ஆதி திராவிடர் என்னும் பெயர் அரசுப் பதிவேடுகளில் ஏறியது எம். சி. ராஜா கொணர்ந்த தீர்மானத்தின் பயன். பொதுச்சாலை, பொதுக்கிணறு ஆகியவற்றை எவரும் பயன்படுத்தத் தடையில்லை என்பதற்கான தீர்மானத்தை 1924இல் முன்மொழிந்தவர் இரட்டைமலை சீனிவாசன். அந்நாற்காலிகள் அன்று காலியாகக் கிடந்திருப்பின், அத்தீர்மானங்களை யார் கொணர்ந்திருப்பர்? ஆள் அமர்ந்த நாற்காலிக்கும் அமராத நாற்காலிக்கும் உள்ள வேற்றுமை இதுவே.

எனினும் நியமனத்தின் குறையை அண்ணல் அம்பேத்கர் தொடக்கத்திலேயே கண்டார். 1927இல் பம்பாய்ச் சட்டமன்றத்துக்குத் தாமே நியமன உறுப்பினராகச் சென்றவர் அவர். அப்படியிருந்தும் 1928இல் சைமன் குழுவின் முன், நியமன முறை வேண்டா, தேர்தலே வேண்டும் என வாதிட்டார். நியமிக்கப்படுபவன் நியமிப்பவனின் மனம் நோக்கி நிற்க வேண்டியவனாகின்றான் என்பது ஒரு குறை. நியமிப்பவன் கை நீட்டும்வரை காத்திருக்க வேண்டும் என்பது மற்றொரு குறை. இவ்விரண்டாவது குறையையே நாம் இங்கு ஆராய்கின்றோம்.

தனி அலுவலர் முதல் தேசிய ஆணையம் வரை

அரசமைப்புச் சட்டம் 1950 சனவரி 26இல் நடைமுறைக்கு வந்தது. தாழ்த்தப்பட்டோர்க்கும் பழங்குடியினர்க்கும் அளித்த பாதுகாப்புகள் நடைமுறையில் உள்ளனவா என ஆராய்ந்து குடியரசுத் தலைவரிடம் அறிக்கை தர, தனி அலுவலர் ஒருவர் இருத்தல் வேண்டும் என்றது அதன் 338ஆம் பிரிவு. அவ்வலுவலர் ஆணையர் என அழைக்கப்பட்டார். அவ்வலுவலகம் தோன்றியது 1950 நவம்பர் 18இல். முதல் ஆணையர் எல். எம். சிறீகாந்த். புதிய குடியரசுக்கு ஆயிரம் வேலைகள் இருந்தன என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயினும் காவலுக்கென எழுதிய பிரிவு காவலர் இன்றிப் 10 திங்கள் கிடந்தது என்பதும் வரலாறே.

நாடு முழுமைக்கும் ஒரே ஆணையர் போதாது என்பது நாளடைவில் தெளிவாயிற்று. ஆணையருக்குத் துணையாக 17 வட்டார அலுவலகங்கள் அமைந்தன. 1967இல் அவையும் வேறோர் இயக்ககத்தின்கீழ் மாற்றப்பட்டன. தனி ஒருவருக்கு மாற்றாகப் பலர் அடங்கிய ஆணையம் வேண்டும் என்னும் குரல் நாடாளுமன்றத்தில் வலுத்தது. அதன் பயனாக 1978இல் அரசுத் தீர்மானம் ஒன்றால் ஓர் ஆணையம் அமைந்தது. பீகார் மாநிலத்தில் மும்முறை முதலமைச்சராயிருந்த போலா பாஸ்வான் சாஸ்திரி அதன் தலைவர், உறுப்பினர் நால்வர். ஆனால் அதற்கு அரசமைப்புச் சட்டத்தின் வலிமை இல்லை. அறிவுரை கூறலாம், ஆணையிட்டு எவரையும் அழைக்க இயலாது.

அவ்வலிமையைத் தந்தது அரசமைப்பின் 65ஆம் திருத்தம். 1990 சூன் திங்களில் அது சட்டமாயிற்று. புகார்களை விசாரிக்கவும், உரிமையியல் நீதிமன்றத்தைப் போலச் சாட்சிகளை அழைக்கவும், ஆவணங்களை வருவிக்கவும் ஆணையத்துக்கு அதிகாரம் வந்தது. மைய, மாநில அரசுகள் நம் மக்களைப் பாதிக்கும் பெருங்கொள்கைகளில் ஆணையத்தைக் கலந்துகொள்ள வேண்டும் என்றும் விதித்தது.

இங்கே இளைஞர்கள் நாட்களைக் கூர்ந்து நோக்க வேண்டும். சட்டத்திருத்தம் 1990 சூன்; அதன்படி முதல் ஆணையம் ராம் தன் தலைமையில் அமைந்தது 1992 மார்ச்சு 12. இடையே கழிந்தவை 21 திங்கள். இந்த 21 திங்களுக்குள்தான், 1991 ஆகஸ்டு 6இல், ஆந்திராவின் குண்டூர் மாவட்டத்துச் சுண்டூரில் நம்மவர் எண்மர் வெட்டிக் கொல்லப்பட்டனர். ஆணையம் அமைந்திருப்பின் அக்கொலைகள் நடந்திரா என நாம் சொல்லவில்லை; அவ்வாறு சொல்வது மிகையாகும். ஆனால் சம்மன் அனுப்பி அதிகாரிகளை வரவழைக்கும் அதிகாரம் ஏட்டில் ஏறிவிட்ட பின்னும், அதனைக் கையாளும் ஆணையம் அன்று அமைந்திருக்கவில்லை என்பது உண்மை.

திரும்பத் திரும்ப நேர்ந்தது

ஒருமுறை நேர்ந்தால் தவறுதல் எனலாம். திரும்பத் திரும்ப நேர்ந்தால் அதற்கு வழக்கம் என்றே பெயர். ஆணையத்தின் பதவிக்காலம் 3 ஆண்டுகள். 1992 மார்ச்சில் அமைந்த ஆணையத்தின் காலக்கணக்கு 1995 மார்ச்சில் முடிவது. அனுமந்தப்பா தலைமையில் அடுத்த ஆணையம் அமைந்தது 1995 அக்டோபரில். 89ஆம் திருத்தத்தால் 2004 பிப்ரவரி 19 முதல் ஆணையம் இரண்டாயிற்று. தாழ்த்தப்பட்டோர்க்கு ஒன்று, பழங்குடியினர்க்கு ஒன்று. தாழ்த்தப்பட்டோர் ஆணையத்தின் முதல் தலைவர் சூரஜ் பான். அவர் 2006 ஆகஸ்டில் மறைந்தார். பூட்டா சிங் பொறுப்பேற்றது 2007 மே திங்களில். இடைவெளி 9 திங்கள். அவர் காலம் 2010 மே திங்களில் முடிய, பி. எல். புனியா வந்தது அக்டோபரில். ஏறத்தாழ 5 திங்கள். புனியாவின் இரண்டாம் காலம் 2016 அக்டோபரில் முடிய, ராம் சங்கர் கத்தேரியா வந்தது 2017 மே இறுதியில், 7 திங்கள். நம் தமிழ்நாட்டைச் சேர்ந்த எல். முருகன் துணைத் தலைவராயிருந்தது இந்த ஆணையத்திலேதான். கத்தேரியாவின் காலம் 2020 மே இறுதியில் முடிந்தது. விஜய் சாம்ப்லா பொறுப்பேற்றது 2021 பிப்ரவரி 24. ஏறத்தாழ 9 திங்கள். அவர் 2023 சூலையில் விலக, கிஷோர் மக்வானா நியமனம் பெற்றது 2024 மார்ச்சில், 8 திங்கள்.

2006க்குப் பின் நேர்ந்த இந்த 5 இடைவெளிகளையும் கூட்டிப் பார்த்தோம். 38 திங்கள் வருகின்றது. அதாவது 3 ஆண்டுகளுக்கும் மேல். ஆணையம் ஒன்றன் முழுப் பதவிக்காலமும் 3 ஆண்டுகள்தாம் என்பதை நினைவிற் கொள்க. ஆகவே, 18 ஆண்டுகளுக்குள் முழுமையான ஓர் ஆணையத்தின் காலம் தலைவர் ஆசனம் காலியாகவே கழிந்தது என்றாகின்றது.

நடுவுநிலையோடு ஒன்று கூற வேண்டும். இவ்விடைவெளிகள் எல்லாம் ஒரே தன்மையன அல்ல. சிலவற்றில் பொறுப்புத் தலைவர் ஒருவர் இருந்தார். அலுவலகங்கள் பூட்டப்படவில்லை, ஊழியர்கள் மனுக்களைப் பெற்று, துறைகளுக்கு அனுப்பிக்கொண்டுதான் இருந்தனர். வெவ்வேறு கட்சிகள் ஆண்ட காலங்களிலும் இவை நேர்ந்துள்ளன; ஆதலின் ஒரு கட்சியைச் சுட்டி இதனை எழுதவில்லை. ஆனால் எழுத்தர் கடிதம் அனுப்புவது வேறு. ஆணையத்தின் தலைவர் நேரில் சென்று மாவட்ட ஆட்சியரையும் காவல் கண்காணிப்பாளரையும் எதிரே அமர்த்திக் கேள்வி கேட்பது வேறு. 2020 செப்டம்பரில் உத்தரப்பிரதேசத்தின் ஆத்ரசில் நம் குலத்துப் பெண்ணொருத்திக்கு நேர்ந்த கொடுமையும், அவள் உடல் நள்ளிரவில் எரியூட்டப்பட்டதும் நாட்டையே உலுக்கின. அவ்வேளை தேசிய ஆணையத்துக்குத் தலைவர் இல்லை.

9 திங்கள் என்பது அலுவலகக் கணக்கில் சிறியது. பள்ளிக்கூடத்தில் பணிபுரியும் நமக்கு அதன் அளவு தெரியும். சூன் திங்களில் சேர்ந்த பிள்ளை ஆண்டுத் தேர்வுக்கு அணியமாகும் காலம் அது. சாதிச் சான்றுக்கோ உதவித்தொகைக்கோ மனு எழுதிய மாணவனுக்கு அது முழுமையாக ஓராண்டு. பதவி உயர்வு மறுக்கப்பட்ட ஊழியருக்கு அதற்குள் ஓய்வுநாள் வந்துவிடலாம். வன்கொடுமை வழக்கில் சாட்சி ஊரைவிட்டே போய்விடலாம்.

ஏன் இவ்வாறு நேர்கின்றது?

காரணங்கள் மூன்று எனத் தோன்றுகின்றது. முதலாவது, நியமனத்துக்குக் காலக்கெடு இல்லை. தலைவர், துணைத் தலைவர், உறுப்பினர் மூவர் ஆகியோரைக் குடியரசுத் தலைவர் தம் கையொப்பமும் முத்திரையும் இட்ட ஆணையால் நியமிப்பார் என்கின்றது 338ஆம் பிரிவு. எந்நாளுக்குள் என்று கூறவில்லை. அரசமைப்பின் பிற இடங்களை ஒப்புநோக்குக. குடியரசுத் தலைவரின் பதவிக்காலம் முடியும் முன்னரே அடுத்தவர்க்கான தேர்தல் நிறைவுற வேண்டும் என்கின்றது 62ஆம் பிரிவு. காலம் முடிந்தும் பின்வருபவர் பொறுப்பேற்கும்வரை முன்னவரே தொடர்வார் என்கின்றது 56ஆம் பிரிவு. உயர்ந்த நாற்காலி ஒருநாளும் காலியாகக் கூடாது என்பதில் அரசமைப்பை ஆக்கியோர் கருத்தாயிருந்தனர். அந்நாற்காலியில் அமர்பவர் நியமிக்கும் ஆணையத்துக்கு அத்தகைய சொற்றொடர் எழுதப்படவில்லை.

இரண்டாவது, ஒருங்கே அமைந்த ஆணையம் ஒருங்கே கலைகின்றது. தலைவர், உறுப்பினர் எல்லாரும் ஏறத்தாழ ஒரே காலத்தில் பொறுப்பேற்பதால் ஒரே காலத்தில் வெளியேறுகின்றனர். மாநிலங்களவையில் ஈராண்டுக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கினரே ஓய்வு பெறுவர். அவை என்றும் கலைவதில்லை. அம்முறையை இங்கும் கொண்டிருந்தால் முழு ஆணையமும் ஒருநாளில் வெறுமையாகாது.

மூன்றாவது, இப்பதவிகள் அரசியலாரின் இடைத்தங்கல் ஆகிவிட்டமை. தேர்தல் வரும்போதும் கட்சிப் பொறுப்பு வரும்போதும் சிலர் இடையில் விலகுகின்றனர். யாரை அமர்த்தினால் எம்மாநிலத்தில் என்ன பயன் என்னும் கணக்கு முடியும்வரை கோப்பு நகர்வதில்லை.

கெடு இருந்தால் மட்டும் போதுமா?

காலக்கெடு ஒன்றே மருந்து என எண்ணிவிடலாகாது. உள்ளாட்சி மன்றங்களின் காலம் முடியும் முன் தேர்தல் நடத்தியாக வேண்டும் என 243உ பிரிவு கட்டளையிடுகின்றது. அவ்வாறிருந்தும் தமிழ்நாட்டில் 2016 அக்டோபரில் காலம் முடிந்த ஊராட்சிகளுக்கு 2019 டிசம்பரிலும், எஞ்சிய 9 மாவட்டங்களில் 2021 அக்டோபரிலுமே தேர்தல் நடந்தது. இடைக்காலத்தில் தனி அலுவலர்கள் ஆண்டனர். நம் மக்களுக்கென ஒதுக்கிய தலைவர் பதவிகளும் அத்தனை ஆண்டுகள் இல்லாமற்போயின.

அதனினும் கொடிது பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டகச்சியேந்தல் ஆகிய ஊர்களின் கதை. 1996இல் ஒதுக்கீடு செய்த தலைவர் பதவியில் நம்மவர் அமர்வதை ஆதிக்க சாதியார் 10 ஆண்டுகள் தடுத்தனர். 2006 அக்டோபரில்தான் அங்கே முறையான தேர்தல் நடந்தது. மேலவளவில் அந்நாற்காலியில் துணிந்து அமர்ந்த முருகேசன் 1997 சூன் 30இல் தோழர்களோடு வெட்டிக் கொல்லப்பட்டார். ஊரில் அரிவாளால் காலியாக்கிய நாற்காலியும், தலைநகரில் கோப்பினால் காலியாகக் கிடக்கும் நாற்காலியும் ஒன்றல்ல. முன்னதில் பகை உண்டு. பின்னதில் இருப்பது பெரும்பாலும் அசட்டை. ஆயினும் மனுவோடு வந்து நிற்பவன் காண்பது இரண்டிலும் ஒன்றுதான்.

நாம் செய்யக் கடவன

தமிழ்நாட்டில் மாநில அளவில் இத்தகைய ஆணையம் சட்டத்தின்வழி அமைந்தது 2021இல்தான். அதன் தலைவர், உறுப்பினர் காலம் எப்போது முடிகின்றது என்பதை நம் சங்கம் குறித்து வைத்தல் வேண்டும். முடிவதற்கு 3 திங்களுக்கு முன்பே, அடுத்தவரை நியமிக்குமாறு அரசுக்கு எழுத வேண்டும். காலியான பின் எழுதுவது, வெள்ளம் வந்தபின் கரை கட்டுவதை ஒக்கும்.

மாவட்டத்தையும் மறத்தலாகாது. 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் 1995இல் செய்த விதிகளின்படி, ஒவ்வொரு மாவட்டத்திலும் ஆட்சியர் தலைமையில் விழிப்புணர்வு மற்றும் கண்காணிப்புக் குழு இருக்க வேண்டும். அது 3 திங்களுக்கு ஒருமுறையேனும் கூட வேண்டும். தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினரைச் சேர்ந்த அலுவல்சாரா உறுப்பினர் ஐவர் வரை அதில் நியமிக்கலாம். மாநில அளவில் முதலமைச்சர் தலைமையிலான குழு சனவரியிலும் சூலையிலும் கூட வேண்டும். நம் மாவட்டக் குழுவில் இருப்பவர் யார் யார்? கடைசியாகக் கூடியது எந்நாள்? 2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய்க் கட்டணத்தோடு ஒரு விண்ணப்பம் எழுதினால் 30 நாட்களுக்குள் விடை தர வேண்டும். நம் சங்கத்து இளைஞர் ஒருவர் ஆண்டுக்கு இருமுறை இதனைச் செய்தல் அரிதன்று.

நமக்கு மிக அண்மையில் இருப்பது பள்ளி மேலாண்மைக் குழு. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி அதில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர், பாதிப்பேர் பெண்கள். நலிந்த பிரிவினரின் பெற்றோர்க்கு உரிய பங்கு தர வேண்டும். இங்கே டெல்லியின் கையொப்பத்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் கூட்டத்திற்கு அழைத்தால், "வேலைக்குப் போகணும் ஐயா, ஒரு நாள் கூலி போயிடும்" என்று நம் தாய்மார் சொல்லக் கேட்கின்றோம். அவர் சொல்வதில் நியாயம் உண்டு. அந்தக் கூலியின் சுமையைச் சங்கம் எவ்வாறு பகிர்ந்துகொள்வது என்பதை இவ்விழாவை ஒட்டிய பொதுக்குழு ஆராய்தல் நன்று. நாமே நிரப்பக்கூடிய நாற்காலியை நிரப்பாமல் விட்டு, பிறர் நிரப்ப வேண்டியதைப் பற்றி மட்டும் பேசுவது முறையாகாது.

மற்றொன்று நம்மைப் பற்றியது. நியமனம் தாமதமாகும்போது, "தகுதியான ஆள் கிடைக்கவில்லை" என்று சொல்லக் கேட்பதுண்டு. 25 ஆண்டுகளாக இச்சங்கம் படிக்க வைத்த பிள்ளைகளே அதற்கு மறுமொழி. சட்டம் படித்தவர், மருத்துவர், பொறியாளர், ஆசிரியர் என நம் சங்கத்தின் பதிவேட்டில் பெயர்கள் உள்ளன. ஆண்டுதோறும் தக்காரின் பெயர்ப்பட்டியல் ஒன்றை அணியம் செய்து, பெண்களின் பெயரையும் அதில் சேர்த்து, ஆட்சியருக்கும் அரசுக்கும் அனுப்பி வைப்போம். ஆளில்லை என்று அதன்பின் எவரும் எழுத இயலாது.

அன்பார்ந்த இளைஞர்களே, எம். சி. ராஜாவும் இரட்டைமலை சீனிவாசனும் சென்ற மன்றத்தில் அவர்களுக்குக் கிடைத்தவை சில நாற்காலிகளே. அவற்றில் அமர்ந்த ஒவ்வொரு நாளையும் பயன்படுத்தினர். நமக்கு இன்று நாற்காலிகள் பல. ஆனால் நாட்கள் வீணாகின்றன. நாம் தொடக்கத்தில் குறித்த இடுகாட்டுப் பாதை மனுவின் ஒப்புகைச் சீட்டு, சங்க அலுவலகத்தின் கோப்பில் இன்னும் இருக்கின்றது. அக்கோப்பை இனி உங்கள் கையில் ஒப்படைக்கின்றோம். அதில் முதற்பக்கமாக, எந்தக் குழுவின் காலம் என்றைக்கு முடிகின்றது என்னும் அட்டவணையை எழுதி வையுங்கள்.